வெறுமையாக விட்ட இடம்

பாலையூற்று,
திருகோணமலை.
29.08.2006

கிறிஸ்தோபருக்கு,

கடிதத்தின் உச்சியில் இயேசு மரி சூசை என்று எழுதிவிட்டுத்தான் மற்றதைத் தொடங்குவது எங்கள் வீட்டு வழக்கம். இன்று எழுதவில்லை. மூன்றாவது பெயரில் கை நின்றுவிடுகிறது. அது என் தம்பியின் பெயரும் அல்லவா.

சொல்லாமல் கொள்ளாமல் கொழும்புக்குப் போனவருக்கு ஒரு வரியும் எழுதுவதில்லை என்றுதான் இருந்தேன். உங்கள் மாமியிடம் விலாசம் கேட்டபோது அவர் முகத்தை நீட்டிக்கொண்டுதான் தந்தார். கோயில் பணிமனைத் தொலைபேசி இன்னும் ஊமையாகவே கிடக்கிறது. அதனால் பேனை.

நடந்ததை நீங்கள் கேள்விப்பட்டிருப்பீர்கள். சூசை இம்மாதம் முதலாம் திகதி மூதூருக்குப் போனான். தான் வேலை செய்த ரேடியோக் கடையில் இருந்து தன் சாமான் பெட்டியை எடுத்துவரத்தான் போனான். "கிறிஸ்தோபர் அண்ணை பெட்டியோட வரச் சொன்னவர் அக்கா, கொழும்பில வேலை இருக்காம்" என்று துள்ளிக்கொண்டு போனான். நான்தான் இறங்குதுறை வரை போய் லோஞ்சுப் படகில் ஏற்றிவிட்டேன். அடுத்த நாள் அங்கே சண்டை தொடங்கியது. பிறகு அவனிடமிருந்து ஒரு சத்தமும் இல்லை.

இப்போது நான் எழுதவந்த விஷயம். மூதூர்ச் சனத்தைப் பதிவதற்கு, கந்தளாய் முகாமுக்கென்று நீங்கள் போகுமுன் எழுதித் தந்த புரோகிராமைத்தான் பங்குச் சுவாமி எடுத்தார். நானூற்றுப் பன்னிரண்டு பேரின் விவரத்தைக் கொம்பியூட்டரில் தட்டினேன். வந்தவர்களைப் பதிந்தேன். வந்தவர்கள் அழுதுகொண்டு தேடியவர்களையும் பதிந்தேன். சூசையைப் பதிந்ததும் நான்தான். பெயர், வயது, ஊர். மீதிக் கட்டங்களை வெறுமையாக விட்டேன். சுவாமியின் சட்டம் உங்களுக்குத் தெரியுமே: "தெரியாததை எழுதவேண்டாம் பிள்ளை, வெறுமையா விடு. ஊகிச்சு எழுதினா அது பொய்."

நேற்று முதன்முதலாக முழுப் பட்டியலையும் அச்சடித்தேன். பதினோராம் பக்கத்தில் இப்படி இருக்கிறது:

சூசைப்பிள்ளை. வயது 22. ஊர்: பாலையூற்று. முகாம்: கந்தளாய். நிலை: முகாமில் உள்ளார்.

நான் வெறுமையாக விட்ட இடத்தை யார் நிரப்பினார்கள்? அறைத் திறப்பு என்னிடமும் சுவாமியிடமும்தான் இருக்கிறது. சுவாமி அந்தக் கொம்பியூட்டருக்குக் கிட்டப் போகவே பயப்படுகிறவர். யாரோ கந்தளாயில் அவனைக் கண்டு, வந்து, எழுதிவிட்டுப் போயிருக்கிறார்கள். எனக்கு வேறு விளக்கம் தெரியவில்லை. நாளைக்கு அம்மாவைக் கூட்டிக்கொண்டு கந்தளாய்க்குப் போகிறேன்.

இன்னொன்று. கந்தளாய் முகாமை மூடிச் சனத்தைக் கிண்ணியாவுக்கு மாற்றப் போகிறார்களாம். அப்படியென்றால் இனி எல்லாருக்கும் முகாம் பெயரை ஒவ்வொன்றாகத் தட்டவேண்டுமா? அதற்காவது பதில் போடுங்கள்.

மரியமலர்


கொட்டாஞ்சேனை,
கொழும்பு 13.
06.09.2006

மலருக்கு,

உங்கள் கடிதத்தை மூன்று தரம் வாசித்தேன். கோபம் நியாயம். அதைப் பற்றிப் பிறகு எழுதுகிறேன்.

அந்தப் பட்டியலை அம்மாவுக்கு இப்போது காட்டாமல் இருந்தால் நல்லது. காட்டியிருப்பீர்கள் என்றும் தெரியும். அவசரத்தில் எழுதிய புரோகிராம், முழுதாகச் சோதித்துப் பார்க்கவில்லை. அதில் அச்சாவதை எல்லாம் அப்படியே நம்பவேண்டாம்.

முகாம் மாறுவதற்கு ஒவ்வொருவராகத் தட்டத் தேவையில்லை. புரோகிராமைத் திறந்தால் 'ஆள்' என்ற வகுப்பு தொடங்கும் இடத்தில் மூன்றாவது வரியில் கந்தளாய் என்று இருக்கும். அதை அழித்துக் கிண்ணியா என்று போடுங்கள். எல்லாரும் மாறிவிடுவார்கள். முகாமுக்குப் போகாமல் நகரத்துப் பள்ளிக்கூடத்தில் தங்கியிருப்பவர்களுக்கு நீங்கள் முகாமின் பெயரைத் தனியாகத் தட்டியிருப்பீர்கள். அவர்கள் அசையமாட்டார்கள்.

சூசை பற்றி உங்களுக்கு ஒன்று சொல்லவேண்டும். இந்தக் கடிதத்திலேயே சொல்லலாம் என்று இரண்டு தாளைக் கிழித்துப் போட்டேன். அடுத்ததில் எழுதுகிறேன்.

கிறிஸ்தோபர்


பாலையூற்று
25.09.2006

கிறிஸ்தோபருக்கு,

கந்தளாயில் அவன் இல்லை. கூடாரம் கூடாரமாகக் கேட்டோம். ஒரு பெயரை அத்தனை தரம் சொன்னால் அது பெயர் மாதிரியே இருக்காது என்று அன்றுதான் எனக்குத் தெரியவந்தது. "நேத்து வரைக்கும் நிண்டிருப்பான், எங்கேயும் வெளியில போயிருப்பான்" என்று அம்மா தானாகவே ஒரு சமாதானம் சொல்லிக்கொண்டார். நான் பஸ்ஸில் அழுதேன்.

திரும்பி வந்து பட்டியலில் இருந்து அவன் பெயரை எடுத்துவிடலாமா என்றுகூட நினைத்தேன். அதற்குள் முகாம் மாறியது. நீங்கள் சொன்னபடி மூன்றாவது வரியில் கிண்ணியா என்று போட்டு அச்சடித்தேன்.

கிறிஸ்தோபர், அவனும் மாறிவிட்டான்.

சூசைப்பிள்ளை. முகாம்: கிண்ணியா. நிலை: முகாமில் உள்ளார்.

தாள் அச்சு இயந்திரத்திலிருந்து வந்துகொண்டிருக்கும்போதே கண்டேன். சனம் லொறியில் ஏறிய அன்றைக்கே அவனும் ஏறியிருக்கிறான். கந்தளாயில் நாங்கள் தேடியபோது எங்கேயோ இருந்துவிட்டு, மற்றவர்களோடு சேர்ந்து அக்கரைக்குப் போயிருக்கிறான். நகரத்துப் பள்ளிக்கூடத்து ஆட்கள் நீங்கள் எழுதியபடி அசையவேயில்லை. அவன் அசைந்திருக்கிறான். அங்கே இல்லாதவன் எப்படி அசைவான்? சொல்லுங்கள்.

இப்போது சனிக்கிழமை தோறும் அம்மா கிண்ணியாவுக்குப் போகிறார். பாதைப் படகின் இரும்புத் தட்டில் சைக்கிள்களுக்கும் ஆடுகளுக்கும் நடுவில் நின்று, சோற்றுப் பார்சலை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு தண்ணீரைக் கடக்கிறார். அந்தத் தாளை மடித்துச் செபப் புத்தகத்துக்குள் வைத்திருக்கிறார். முகாமில் பங்கீட்டு வரிசைக்கு ஒலிபெருக்கியில் பெயர் கூப்பிடுகிறவர் பக்கீர் என்ற ஒரு பெரியவர். அம்மாவுக்காக அவர் ஒவ்வொரு சனியும் கடைசியில் இன்னுமொரு பெயரைச் சேர்த்துக் கூப்பிடுகிறார். சூசைப்பிள்ளை, சூசைப்பிள்ளை, பாலையூற்றுச் சூசைப்பிள்ளை. யாரும் வருவதில்லை. அம்மா பார்சலை அங்கேயே விட்டுவிட்டு வருகிறார்.

நீங்கள் சொல்லவேண்டும் என்றது என்ன?

மலர்


பாலையூற்று
04.10.2006

கிறிஸ்தோபருக்கு,

ஒரு கிழமைக்கு மேலாகிவிட்டது. ஒரு போஸ்ட்காட் எழுதவும் கை வரவில்லையா?

போன சனிக்கிழமை பக்கீர் அம்மாவிடம், "ஓம் உம்மா, அந்தத் தம்பியைத் தண்ணி வரிசையில கண்டேன், மெலிஞ்சு போயிருக்கிறார்" என்று சொல்லியிருக்கிறார். அம்மா வீட்டுக்கு வந்து அவனுடைய சேர்ட்டுகளைத் தோய்த்து மடித்து வைத்திருக்கிறார். நான் நேற்று லீவு போட்டுவிட்டு அங்கே போய் நாள் முழுக்கத் தண்ணீர்க் குழாய்க்குப் பக்கத்தில் இருந்தேன். மெலிந்த பொடியன்கள் நூறு பேர் வந்தார்கள்.

உம்மு குல்சும் என்று ஒரு பெண் என்னிடம் வந்தார். மூதூர்க்காரி, மூன்று பிள்ளைகள். புருஷன் ஓடிவந்த வழியில் பிரிந்துபோனவர். அவருடைய கையிலும் என் பட்டியலின் ஒரு பக்கம். "எங்கட இவரும் இந்த முகாமிலதான் எண்டு இருக்கு தங்கச்சி. பட்டியல் போட்டது நீங்கதானே. எந்தக் கூடாரம் எண்டு சொல்லுங்களேன்" என்றார். அந்தப் பெயரையும் நான்தான் பதிந்தேன். அவருக்கும் மீதியை வெறுமையாகத்தான் விட்டேன். எனக்கு நல்ல ஞாபகம்.

என் கண்ணுக்குத் தெரியாமல் அந்த முகாமுக்குள் ஒரு கூட்டம் நடமாடுகிறது போல இருக்கிறது. பணிமனைக்குள் தனியாக இருக்கப் பயமாக இருக்கிறது. உண்மையாகச் சொல்லுகிறேன், திரையைப் பார்க்கவே பயமாக இருக்கிறது.

எழுதுங்கள்.


கொட்டாஞ்சேனை
11.10.2006

மலருக்கு,

யாரும் எதையும் நிரப்பவில்லை. அந்தச் சொற்களை எழுதியது நான். யூலையில், இதில் எதுவும் நடக்குமுன்.

விளங்கும்படி எழுதப் பார்க்கிறேன். ஒருவரைப் பதியும்போது கொம்பியூட்டர் அவருக்கென்று ஒரு பையைத் தைக்கிறது என்று வையுங்கள். நீங்கள் தட்டியது மட்டும் அந்தப் பைக்குள் போகும். வெறுமையாக விட்டது எதுவும் பைக்குள் போகாது, வெறுமை என்ற குறிப்பும் போகாது. அந்தப் பைகளுக்கெல்லாம் மேலே, எல்லாருக்கும் பொதுவான மாதிரியாக, 'ஆள்' என்ற வகுப்பு இருக்கிறது. அதற்கும் சொந்தமாக ஒரு பை உண்டு. ஒருவருடைய நிலை என்ன என்று கேட்டால் முதலில் அவருடைய சொந்தப் பையில் தேடும். அங்கே இல்லாவிட்டால் மேலே போய் வகுப்பின் பையில் பார்க்கும். அங்கே இருப்பதை எடுத்து, அவருடையது போலவே உங்களிடம் தரும். எங்கேயிருந்து எடுத்தது என்று சொல்லாது.

மேலே உள்ள பையில் 'முகாம்: கந்தளாய்', 'நிலை: முகாமில் உள்ளார்' என்று வைத்தவன் நான். பதியப்போவது முகாமுக்கு வந்து நிற்கும் ஆட்களைத்தானே, நூற்றுக்கணக்கான தரம் ஒரே சொல்லை ஏன் மலர் தட்டவேண்டும் என்று நினைத்தேன். உங்கள் விரலுக்கு இரக்கப்பட்டுச் செய்த வேலை. வந்தவர்களுக்கு முகாமும் நிலையும் தானாக வரும் என்று உங்களுக்குச் சொன்னேன், வராதவர்களுக்கும் வரும் என்று சொல்லவில்லை. வராதவர்களையும் யாராவது பதிவார்கள் என்று நான் யோசிக்கவில்லை. நீங்களோ சுவாமி சொன்னபடி நேர்மையாக வெறுமையாக விட்டீர்கள். அந்த நேர்மைதான் என்னுடைய சொல்லை வெளியே இழுத்துவிட்டது.

மூன்றாவது வரியை மாற்றியபோது மேலே இருந்தது மாறியது. சொந்தப் பையில் முகாம் இல்லாத எல்லாரும் சேர்ந்து மாறினார்கள். நகரத்து ஆட்களுக்குச் சொந்தமாக ஒரு சொல் இருந்தது, அவர்கள் நின்றார்கள். சூசை எங்கேயும் போகவில்லை மலர்.

தனித்தாளில் ஒரு கட்டளை எழுதியிருக்கிறேன். அது ஒருவருடைய சொந்தப் பையில் உள்ளதை மட்டும் காட்டும், மேலே போய்க் கேட்காது. அதைக் கொடுத்துப் பாருங்கள்.

உங்கள் முதல் கடிதத்தை வாசித்த அந்த நிமிடமே எனக்கு விளங்கிவிட்டது. அப்போதே எழுதியிருக்கவேண்டும். மூன்றாவது வரியை மாற்றச் சொல்லும்போது அவனும் சேர்ந்து மாறுவான் என்றும் தெரியும். தெரிந்துகொண்டுதான் எழுதினேன். 'முகாமில் உள்ளார்' என்று நீங்கள் எழுதியிருந்த வரியை நான் இரவில் எழும்பி எழும்பி வாசித்தேன். நானே எழுதிய பொய் என்று தெரிந்தும் வாசித்தேன்.

கிறிஸ்தோபர்


பாலையூற்று
19.10.2006

கட்டளையைக் கொடுத்தேன். இது வந்தது:

பெயர்: சூசைப்பிள்ளை. வயது: 22. ஊர்: பாலையூற்று.

அவ்வளவுதான். மூன்றே மூன்று. உம்மு குல்சுமின் புருஷனுக்கும் மூன்று. இப்படி இருபத்துமூன்று பேர் இருக்கிறார்கள்.

ஐந்து சனிக்கிழமை கிறிஸ்தோபர். என் தாய் ஐந்து சனிக்கிழமை தண்ணீரைக் கடந்து போனார், உங்களை நித்திரை கொள்ளவிடாத ஒரு சொல்லுக்காக. நீங்கள் அங்கே நல்ல கட்டிலில் படுத்துக்கொண்டு வாசித்தீர்கள். அம்மாவுக்கு நான் இதை எப்படிச் சொல்வேன்? எந்த வாயால் சொல்வேன்?

மேலே உள்ள அந்த இரண்டு வரிகளையும் எப்படி எடுப்பது என்று மட்டும் எழுதுங்கள். வேறொன்றும் எழுதவேண்டாம்.


கொட்டாஞ்சேனை
25.10.2006

மலருக்கு,

இரண்டாவது வரியையும் மூன்றாவது வரியையும் அழித்துவிடுங்கள். அதற்குப் பிறகு சொந்தப் பையில் நிலை இல்லாத ஒருவரிடம் வந்தால் புரோகிராம் மேலே பார்க்கும், அங்கேயும் இருக்காது. அந்தப் பெயரிலேயே நின்றுவிடும். பட்டியல் அதற்கு மேல் அச்சாகாது. அதனால் முகாமில் இருக்கிற எல்லாருக்கும் நீங்கள் தனித்தனியாகத் தட்டவேண்டிவரும். மன்னியுங்கள்.

வேறொன்றும் எழுதவேண்டாம் என்றீர்கள். ஒன்றை எழுதாமல் இருக்க ஏலாது.

யூலையில் நான் புறப்பட்ட அன்று சூசை பஸ் நிலையத்துக்கு வந்தான். கையில் ஒரு உடுப்புப் பை. "அண்ணை, நானும் இப்பவே வாறன்" என்றான். பஸ்ஸில் இடம் இருந்தது. பக்கத்து சீற் வெறுமையாகத்தான் கிடந்தது. ஆனால் சோதனைச் சாவடியில் இரண்டு பொடியன்கள் சேர்ந்து போனால் கேள்வி அதிகம் வரும் என்று எனக்குப் பயம். "சாமான் பெட்டி இல்லாமல் வந்து என்ன செய்யப்போறாய், அதை எடுத்துக்கொண்டு அடுத்த மாதம் வா" என்று சொல்லி அனுப்பினேன். பெட்டி ஒரு சாட்டு. அந்தச் சாட்டை நம்பித்தான் அவன் மூதூருக்குப் போனான்.

உங்களிடம் சொல்லாமல் போனதற்கும் அதே பயம்தான் காரணம். இதைத்தான் இரண்டு தாளில் எழுதிக் கிழித்தேன்.

கிறிஸ்தோபர்


இயேசு மரி சூசை

பாலையூற்று
02.11.2006

கிறிஸ்தோபருக்கு,

உங்கள் கடிதம் கிடைத்த அன்று கையில் அகப்பட்டதை எல்லாம் எறிந்தேன். உங்களைத் திட்டினேன். பிறகு, லோஞ்சில் ஏற்றிக் கையசைத்தவள் நான்தானே என்று என்னையும் திட்டினேன். "பெட்டி கிடந்தாக் கிடக்கட்டும், போகாதை" என்று ஒரு சொல் சொல்ல எனக்கும் வாய் இருந்தது. அந்தச் சண்டையை நேரில் போடுவோம். இப்போது நடந்ததைச் சொல்கிறேன்.

இரண்டு வரிகளையும் அழித்தேன். முன்னூற்று எண்பத்தொன்பது பேருக்குத் தனித்தனியாகத் தட்டினேன். ஐந்து நாள். ஒவ்வொருவரையும் ஆள் இருக்கிறதா என்று கேட்டுத்தான் தட்டினேன், ஒருவரையும் மேலே இருந்து எடுக்கவில்லை.

மற்ற இருபத்துமூன்று பேரில் ஒருவரிடம் வந்ததும் நீங்கள் சொன்னபடி நின்றது. திரையில் ஆங்கிலத்தில் ஒரு வரி. இந்த ஆளுக்கு நிலை என்று ஒன்று இல்லை என்று அர்த்தம். இத்தனை நாளில் அந்தக் கொம்பியூட்டர் சொன்ன முதல் உண்மை. அதைப் பார்த்து எனக்குப் பயம் வரவில்லை.

"எல்லாருக்கும் காணாமற்போனவர் என்று போட்டுவிடு பிள்ளை, பட்டியல் அரச அதிபர் அலுவலகத்துக்குப் போகவேணும்" என்று சுவாமி சொன்னார். மாட்டேன் என்றேன். ஒரு சொல்லை எல்லாருக்கும் போட்டுத்தான் இவ்வளவும் வந்தது. வீடு வீடாக, கூடாரம் கூடாரமாகப் போனேன். பட்டியல் பிழை, அது என் பிழையும்தான் என்று சொன்னேன். சிலர் ஏசினார்கள். ஒருவர் தாளைத் திருப்பித் தந்தார். அவரவர் வாயால் என்ன சொல் வேண்டும் என்று கேட்டுக் குறித்தேன். உம்மு குல்சும் கடைசிப் பிள்ளையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டார். "இன்னும் வந்து சேரயில்லை எண்டு போடுங்க. வேற சொல்லு வேணாம்" என்றார். அதைத்தான் போட்டேன்.

பக்கீரிடமும் கேட்டேன், என் தம்பியை உண்மையிலேயே கண்டீர்களா என்று. ஒலிபெருக்கியின் வயரைச் சுற்றிக்கொண்டு கீழே பார்த்தார். "யாரோ ஒரு தம்பியைக் கண்டேன் மகள். பட்டியலிலயும் பெயர் இருக்கு. உங்கட உம்மா முகத்தைப் பார்த்துட்டு இல்லை எண்டு சொல்ல ஏலாமப் போச்சு" என்றார். உங்கள் இருவரையும் ஒரே பஸ்ஸில் ஏற்றலாம்.

இன்று சகல ஆத்துமாக்கள் திருநாள். பூசையில் வாசிப்பதற்கு மரித்தவர்களின் பெயர்களைச் சுவாமி நேற்றே சேர்த்தார். எங்கள் வீட்டுக்கும் வந்து வாசலில் நின்றுகொண்டு, "சூசையின்ர பெயரையும் வாசிக்கட்டா அம்மா?" என்று மெதுவாகக் கேட்டார். "ஏன் சுவாமி? அவன் கிண்ணியாவில எல்லோ இருக்கிறான்" என்றார் அம்மா. செபப் புத்தகத்தில் இருந்து தாளை எடுத்து விரித்தும் காட்டினார். மடிப்பில் கிழியத் தொடங்கியிருந்தது.

சுவாமி என்னைப் பார்த்தார். நான் நிலத்தில், அம்மாவின் காலடியில் இருந்து சொன்னேன். பையையும் வகுப்பையும் நீங்கள் எழுதிய மாதிரியே சொன்னேன். அம்மாவுக்கு எவ்வளவு விளங்கியது என்று தெரியாது. எல்லாவற்றையும் கேட்டுவிட்டு ஒரேயொரு கேள்வி கேட்டார்.

"அந்த இடத்தை வெறுமையா விட்டது நீயோ?"

"ஓம் அம்மா."

"அப்ப நீயே எழுது. மற்றவையின்ர சொல்லு என்ர பிள்ளைக்கு வேண்டாம்."

பிறகு சுவாமியிடம் திரும்பி, "வாசிக்க வேண்டாம் சுவாமி" என்றார். சுவாமி வாசிக்கவில்லை. இன்று சேமக்காலையில் எல்லாக் கல்லறையிலும் மெழுகுதிரி எரிந்தது. நாங்கள் அப்பாவின் கல்லறையில் மட்டும் கொளுத்திவிட்டு வந்தோம். சனிக்கிழமை அம்மா பழையபடி பாதை ஏறிப் போகப்போகிறாராம். பார்சல் இனி உம்மு குல்சுமின் பிள்ளைகளுக்கு.

சேமக்காலையில் இருந்து நேரே பணிமனைக்கு வந்தேன். இருபத்திரண்டு பேருக்கும் அவரவர் வீட்டார் சொன்ன சொல்லைத் தட்டி முடித்தேன். புரோகிராம் கடைசியாக என் தம்பியின் பெயரில் வந்து நின்றது. நான் அவனோடு அங்கே கொஞ்ச நேரம் இருந்தேன். இறந்தார் என்று தட்ட என் கை வராது. இருக்கிறார் என்று தட்ட இனி வெட்கம். தெரிந்ததை மட்டும் எழுதவேண்டும் என்றால் எனக்கு அவனைப் பற்றித் தெரிந்தது ஒன்றுதான்.

சூசைப்பிள்ளை. வயது 22. ஊர்: பாலையூற்று. நிலை: அக்கா தேடுகிறா.

நீங்கள் தந்த கட்டளையைக் கொடுத்துப் பார்த்தேன். அவனுடைய சொந்தப் பையில்தான் இருக்கிறது. மேலே யார் எதை மாற்றினாலும் அது மாறாது.

அந்த வரியில் அக்காவுக்குப் பக்கத்தில் இன்னொரு பெயருக்கு இடம் விட்டிருக்கிறேன். இப்போதைக்கு வெறுமை. இங்கே வந்து நீங்களே தட்டவேண்டும்.

மலர்